நீலியை எந்த அலமாரியில் வைப்பது?

கிறித்தவ நூலகர்களின் மாநாட்டில் ஓர் ஆண் பேசினால் அது ஆய்வுரை. ஒரு பெண் பேசினால் அது சாட்சி. இதைச் சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். சின்ன விஷயமாகத் தோன்றலாம். நூலகத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை என்று தெரியும். ஒன்றுக்கு நாம் வைக்கும் பெயர் மாறினால் அது போய் உட்காரும் அலமாரி மாறும். அலமாரி மாறினால் அதைத் தேடி வருகிறவரும் மாறிவிடுவார்.

கிறித்தவ நூலகர்கள் என்று தனியாக ஒரு கூட்டம் உண்டா என்று கேட்பவர்களுக்கு: உண்டு. இறையியல் கல்லூரிகள், கன்னியர் சபைகள் நடத்தும் பெண்கள் கல்லூரிகள், மிஷன் பள்ளிகள், மிஷன் மருத்துவமனைகளை ஒட்டிய செவிலியர் கல்லூரிகள் என எல்லாவற்றிலும் நூலகம் இருக்கிறது, நூலகரும் இருக்கிறார். அமெரிக்காவில் இறையியல் நூலகர்கள் 1940-களிலேயே தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். நம் நாட்டிலும் இத்தகைய கூடுகைகள் நடக்கின்றன. நான் பேசிய மாநாட்டின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அது அந்த ஒரு மாநாட்டின் குறை என்று மற்றவர்கள் நிம்மதியாக இருந்துவிடுவார்கள்.

நிகழ்ச்சி நிரல் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். காலையில் தியானம், துதிப்பாடல், பேராயரின் தொடக்க உரை, பொன்னாடை. அதன் பிறகு கட்டுரைகள். பதிவு மேசையில் பெண்கள். பாடல் குழுவில் பெண்கள். கோப்பும் பேனாவும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக் கொடுப்பவர்கள் பெண்கள். வரவேற்புரையோ நன்றியுரையோ ஒரு பெண்ணுக்கு. கோஹா மென்பொருள், மின்னூல் தரவுத்தளங்கள், பழைய ஏடுகளை டிஜிட்டலாக்குவது முதலான தலைப்புகளுக்கு எதிரே இருந்த பெயர்கள் பெரும்பாலும் ஆண்களுடையவை. அந்த மென்பொருளில் தினமும் உட்கார்ந்து பதிவுகளை ஏற்றுவது யார் என்பது கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

என் கட்டுரை, இறையியல் நூலகங்களின் பட்டியல்களில் பெண்கள் எந்தெந்தத் தலைப்புகளின் கீழ் வைக்கப்படுகிறார்கள் என்பதைப் பற்றியது. இருபது நிமிடம் என்று எழுதியிருந்தார்கள். சாப்பாடு முடிந்து கூட்டம் தாமதமாகத் தொடங்கியதால் பத்து நிமிடமாயிற்று. பேசி முடித்ததும் அமர்வுத் தலைவர் ஒலிவாங்கியை வாங்கிச் சொன்னார்: “சிஸ்டர் ரொம்ப உருக்கமா சாட்சி சொன்னாங்க. நம்ம எல்லாரோட இருதயத்தையும் தொட்டுச்சு. கேள்வி எதுவும் வேணாம், அடுத்தவருக்கு நேரமாச்சு.” அடுத்தவரின் கட்டுரைக்குப் பிறகு கேள்விகள் நெடுநேரம் நடந்தன. பல மாதம் கழித்து மாநாட்டுத் தொகுப்பு வந்தபோது என் கட்டுரை ‘ஆய்வுரைகள்’ பகுதியில் இல்லை. கடைசியில், ‘அனுபவப் பகிர்வுகள்’ என்ற தலைப்பின் கீழ் இருந்தது. அதில் என் அனுபவம் என்று ஒரு வரிகூட இல்லை. இருந்ததெல்லாம் வகுப்பு எண்களும் பொருள் தலைப்புகளும்தான்.

சாட்சி என்ற சொல் சபைக்குள் எப்படிப் புழங்குகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். கர்த்தர் என் வாழ்க்கையில் செய்த நன்மையை எழுந்து நின்று சொல்வது சாட்சி. வியாதி நீங்கியது, குடிகாரக் கணவர் மனந்திரும்பினார், பிள்ளைக்கு வேலை கிடைத்தது. கேட்பவர்கள் ஆமென் சொல்வார்கள். சாட்சிக்கு மறுகேள்வி கிடையாது, கேட்பது மரியாதையும் ஆகாது. பிரசங்க மேடையில் பெண்ணை ஏற்றத் தயங்கும் சபைகளிலும் சாட்சி நேரத்தில் பெண் பேசலாம். அவளுக்கு விடப்பட்ட இடம் அது. அந்த இடத்தின் வசதி என்னவென்றால், அங்கே பேசப்பட்ட எதற்கும் யாரும் பதில் சொல்லத் தேவையில்லை. ஒரு வாதத்தை வைத்தால் ஒன்று மறுக்க வேண்டும், அல்லது ஏற்றுக்கொண்டு எதையாவது மாற்ற வேண்டும். சாட்சியைக் கேட்டு உருகினால் போதும், டீ குடிக்கப் போய்விடலாம்.

என் பேச்சுக்கு அந்த அமர்வுத் தலைவர் செய்ததைத்தான் பெண்களின் நூல்களுக்கு நம் பட்டியல்கள் செய்கின்றன. மாநாட்டில் நான் சொன்னது இதுவே. சொன்ன உடனேயே அதற்கு ஓர் உதாரணத்தையும் அவர் கொடுத்துவிட்டார்.

நூலகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காக வேலையைக் கொஞ்சம் விளக்குகிறேன். நம் கிறித்தவ நூலகங்களில் பலவற்றில் இருப்பது டூயி தசமப் பகுப்பு முறை. அதில் 200 என்பது மதம். 220 முதல் 280 வரையிலான எண்கள் வேதாகமத்துக்கும் கிறித்தவத்துக்கும். உலகத்தின் மற்ற மதங்கள் அனைத்தும் 290-க்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. 230 கிறித்தவ இறையியல். எந்த எண்ணோடும் ஒட்டிக்கொள்ளும் துணை எண்கள் சில உண்டு. அவற்றில் 082 என்றால் பெண்கள். ஆகவே பெண்ணிய இறையியல் 230.082. ஆண்களைக் குறிக்கவும் 081 என்று ஓர் எண் முறைப்படி இருக்கிறது. ஆனால் முதுகில் 230.081 என்று எழுதிய ஒரு நூலையும் இத்தனை வருடத்தில் நான் அடுக்கியதில்லை. ஆண் எழுதினால் வெறும் இறையியல், ஒட்டு எண் தேவையில்லை. பெண் எழுதினால், எழுதியது கிறிஸ்துவைப் பற்றியோ திரித்துவத்தைப் பற்றியோ எதுவாக இருந்தாலும், அவள் பெண் என்பதே அதன் பொருளாகிவிடுகிறது.

இது தற்செயல் அல்ல என்பதற்கு அந்த முறையின் வரலாறே போதும். மெல்வில் டூயி அதை வெளியிட்டது 1876-ல். பழைய பதிப்புகளில் பெண்களுக்கென்று 396 என்ற எண் இருந்தது. அதற்கு முன்னால் 395-ல் விருந்து, வணக்கம் முதலிய ஆசாரங்கள். பின்னால் 397-ல் ஜிப்சிகளும் ஒதுக்கப்பட்ட இனங்களும். அதையடுத்து 398-ல் நாட்டார் கதைகள். உபசாரத்துக்கும் ஒதுக்கப்பட்டவர்களுக்கும் நடுவில் பெண். இதே டூயிதான் 1887-ல் கொலம்பியாவில் நூலகப் பள்ளி தொடங்கிப் பெண்களைச் சேர்த்தவர், அதற்காக நிர்வாகத்தோடு மோதியவர். இதே டூயிதான் நூலகர்களாக இருந்த பெண்களிடம் அத்துமீறியதாக எழுந்த புகார்களால் 1906-ல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் வேலைகளிலிருந்து விலக வேண்டி வந்தவர். அந்தச் சங்கம் தன் உயரிய பதக்கத்திலிருந்து அவர் பெயரை நீக்க முடிவு செய்தது 2019-ல். நூறு வருடத்துக்கும் மேலே ஆயிற்று. அவர் பெயரிலிருந்த அந்தப் பதக்கத்தைப் பெண்களும் வாங்கிக்கொண்டார்கள்.

இரண்டாவதாக, என் ஊரிலிருந்து இரண்டு பெண்களை உதாரணமாகச் சொன்னேன். என் ஊர் திருவாலங்காடு. சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் மின்சார ரயிலில் திருவள்ளூரைத் தாண்டி வரும் நிறுத்தம். வெளியூர்க்காரர்களுக்குச் சர்க்கரை ஆலையும் நடராசர் கோவிலும் தெரியும். நூலகராக எனக்கு அந்த ஊர், பெண்களை எப்படித் தவறான அலமாரியில் வைப்பது என்பதற்கு ஒரு பாடப்புத்தகம்.

முதலாமவர் காரைக்கால் அம்மையார். திருவாலங்காட்டைப் பாடிய அவருடைய பதிகங்களுக்கு மூத்த திருப்பதிகம் என்றே பெயர். தேவாரம் பாடிய மூவருக்கும் முந்தியவர். ஆனால் திருமுறைகளைத் தொகுத்தபோது சம்பந்தரும் அப்பரும் சுந்தரரும் முதல் ஏழு திருமுறைகளில் அமர்ந்தார்கள். மூத்தவர் பதினோராம் திருமுறையில், பலரோடு ஒருவராக. அலமாரி வரிசை காலவரிசை அல்ல, அதிகார வரிசை என்பதற்கு இதைவிடப் பழைய உதாரணம் எனக்குத் தெரியாது. பெயரையும் பாருங்கள். பாடல்களின் முடிவில் அவர் தன்னைக் காரைக்கால் பேய் என்றே சொல்லிக்கொள்கிறார். புனிதவதி என்ற பெயரும் கணவன் கதையும் பல நூற்றாண்டு கழித்து, பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்திலிருந்து நமக்குக் கிடைக்கின்றன. ஓர் ஆசிரியர் தன் நூலில் எந்தப் பெயரில் தன்னைக் குறிக்கிறாரோ அதை மதிக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். நாமோ பேயை அம்மையாராக்கிப் பட்டியலில் வைத்திருக்கிறோம். தாய் என்றால் அலமாரியில் இடம் கொடுக்கலாம், பேய் என்றால் என்ன செய்வது?

இரண்டாமவள் அந்தப் பேய்தான், பழையனூர் நீலி. திருவாலங்காட்டை ஒட்டிய பழையனூரில் நடந்ததாகச் சொல்லும் கதைக்குப் பல வடிவங்கள் உண்டு. சாரம் இது: முற்பிறவியில் கணவனால் கொல்லப்பட்ட பெண், மறுபிறவியில் அவனைத் தேடி வருகிறாள். மனைவியின் வடிவெடுத்து, கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர் வேளாளர்கள் எழுபது பேர் முன் நின்று நியாயம் கேட்கிறாள். அவர்கள் அவளை நம்பி, அவனுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் எங்கள் உயிர் பிணை என்று வாக்குக் கொடுக்கிறார்கள். அவன் கொல்லப்படுகிறான். சொன்ன சொல் காக்க எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். வாக்குக் காத்த ஆண்களுக்கு ஊரில் நினைவிடம் இருக்கிறது. கொல்லப்பட்ட பெண்ணுக்குக் கிடைத்தது நீலிக் கண்ணீர் என்ற ஒரு வசவு. இன்றுவரை தமிழில் எந்தப் பெண் அழுதாலும் அதை எடுத்து அவள் மேல் வீசலாம். அவளைக் கொன்றவனின் பெயரில் ஒரு வசவும் உருவாகவில்லை. சம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகம் தொடங்குமிடத்தில் வஞ்சித்து உயிர் கொண்டதாக ஒருத்தி வருகிறாளே, அவள் நீலி என்றுதான் உரைகாரர்கள் சொல்கிறார்கள். அதாவது, ஊரைப் பாடிய மூத்த பெண்ணுக்கு இடம் பதினோராம் திருமுறையில். வஞ்சகி என்று பழி சுமந்த பெண்ணுக்கு முதல் திருமுறையிலேயே.

ஆனால் இதே நீலிக்கு இன்னொரு நூல் இருக்கிறது. நீலகேசி என்ற சமணக் காப்பியம். ஐஞ்சிறு காப்பியங்களில் ஒன்று. எழுதியவர் யாரென்று தெரியாது, அ. சக்கரவர்த்தி 1936-ல் பதிப்பித்தார். அதில் அவள் பழையனூரின் தெய்வம். ஒரு சமண முனிவரின் தவத்தைக் கெடுக்க அனுப்பப்பட்டு, அவரோடு பேசி, சமணம் ஏற்று, பிறகு ஊர் ஊராகப் போய் ஒவ்வொரு மதத்தின் ஆசிரியரையும் வாதத்துக்கு அழைக்கிறாள். முதலில் இன்னொரு பெண்ணான குண்டலகேசியோடு. பிறகு பௌத்த ஆசிரியர்கள், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி, கடைசியில் பூதவாதி. சருக்கங்களின் பெயரே குண்டலகேசி வாதம், புத்த வாதம், ஆசீவக வாதம் என்றுதான். ஒரு மதம் தன் பிரச்சாரத்துக்கு ஒரு பெண்ணின் வாயைக் கடன் வாங்கியது என்பதும் உண்மை. என்றாலும் அவள் வாயில் வைத்தது கண்ணீரை அல்ல, தருக்கத்தை. ஊர் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டதோ கண்ணீரை மட்டும். நீலகேசியைப் படித்தவர்கள் எத்தனை பேர், நீலிக் கண்ணீர் என்று சொல்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

மாநாட்டின் தேநீர் இடைவேளையில் ஒரு மூத்த நூலகர் அக்கறையோடு கேட்டார்: “பேயும் நீலியும் நமக்கெதுக்கு சிஸ்டர்? நமக்கு மரியாள் இல்லையா, மார்த்தாள் இல்லையா?” இருக்கிறார்கள் ஐயா. மரியாள் இயேசுவின் பாதத்தருகே உட்கார்ந்தது மாணவியாக. நம் பிரசங்கங்களில் அவள் அமைதிக்காகப் புகழப்படுகிறாள். மார்த்தாள் சமையலறைக்காகக் கண்டிக்கப்படுகிறாள், பிறகு அதே சமையலறைக்குத் திருப்பி அனுப்பப்படுகிறாள். அவர்களையும் தவறான அலமாரியில்தான் வைத்திருக்கிறோம்.

மற்றவர்களின் நூல்கள் நமக்கு எதற்கு என்ற கேள்விக்கு நம் வரலாறே பதில். தரங்கம்பாடிக்கு 1706-ல் வந்த சீகன்பால்கு 1708-ல் தான் சேர்த்த தமிழ் ஏடுகளுக்கு ஒரு பட்டியல் தயாரித்தார். எது என்ன நூல், யார் எழுதியது, உள்ளே என்ன என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதினார். அச்சகம் வருவதற்கு முன்பே பட்டியல் வந்துவிட்டது. தமிழ்நாட்டுக் கிறித்தவ நூலகரின் முன்னோர் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் அவரைத்தான் சொல்ல வேண்டும். அவர் பட்டியலிட்ட ஏடுகளில் சைவமும் உண்டு, சமணமும் உண்டு. அந்த ஏடுகள் எப்படி வந்தன? தன் எழுத்தர்களை உள்ளூர்களுக்கு அனுப்பி, இறந்துபோன பிராமணர்களின் விதவைகளிடமிருந்து குறைந்த விலைக்கு வாங்கியதை அவரே எழுதியிருக்கிறார். தமிழ் நூல்களின் அந்தப் பெரும் பட்டியலுக்குப் பின்னால், பிழைப்புக்காக வீட்டு ஏடுகளை விற்ற பெண்கள் நிற்கிறார்கள். ஒருத்தியின் பெயரும் பட்டியலில் இல்லை. நம் தொழில் தொடங்கிய இடத்திலேயே இந்த வெற்றிடம் இருக்கிறது.

சரி, கிறித்தவப் பெண்களுக்கே வருவோம். பண்டித ரமாபாயை எடுத்துக்கொள்ளுங்கள். 1887-ல் உயர்சாதி இந்துப் பெண்ணின் நிலை பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதி, சாத்திரங்களை மேற்கோள் காட்டி வழக்காடினார். ஞானஸ்நானம் பெற்ற பிறகு இங்கிலாந்தின் கன்னியர்களோடும் குருமார்களோடும் திரித்துவம் குறித்தும் சபை அதிகாரம் குறித்தும் கடிதங்களில் விடாமல் வாதிட்டார். எபிரேயமும் கிரேக்கமும் படித்து வேதாகமம் முழுவதையும் மராத்தியில் மொழிபெயர்த்தார். அவர் இறந்து இரண்டு ஆண்டு கழித்து, 1924-ல், முக்தி மிஷன் பெண்கள் எழுத்துக்கோத்து அச்சிட அது வெளிவந்தது. நம் நூலகங்களில் அவரை எங்கே தேடினால் கிடைப்பார்? மிஷனரி வாழ்க்கை வரலாறுகளில், அனாதைகளின் தாயாக. அவர் எழுதியவற்றில் எளிதாகக் கைக்குக் கிடைப்பது 1907-ல் வந்த அவருடைய சாட்சி. அதுவும் அவர் எழுதியதுதான், மறுக்கவில்லை. ஆனால் வேதாகம மொழிபெயர்ப்பு அலமாரியில் அவர் பெயரை நான் பார்த்ததில்லை. திருச்சபைக் கோட்பாட்டு அலமாரியில் அவர் கடிதங்களைப் பார்த்ததில்லை. வாதாடிய பெண்ணை எடுத்து, சாட்சி சொன்ன பெண்ணை மட்டும் வைத்துக்கொண்டோம்.

பெயர் விஷயத்திலும் இப்படித்தான். பாளையங்கோட்டையில் 1785-ல் கோவில் கட்டிய பெண், 1778-ல் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றவர், பதிவேட்டில் குளோரிந்தா. ஊரார் வாயில் பாப்பாத்தியம்மாள். ஒன்று மதம் கொடுத்த பெயர், மற்றொன்று சாதி கொடுத்த பெயர். பட்டியலிடுபவர் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கிறார். அவருக்காவது இரண்டு பெயர் இருந்தன. வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்து, வேதம் வாசித்துக் காட்டிய வேதாகமப் பெண்கள், நான் புரட்டிய மிஷன் அறிக்கைகளில் பெரும்பாலும் ‘எங்கள் பைபிள் உமன்’ என்பதோடு நின்றுபோகிறார்கள்.

நம் காலத்துக்கு வந்தால் பாமாவின் கருக்கு. 1992-ல் வெளிவந்தது. கன்னியர் மடத்துக்குள் போய் வெளியே வந்த ஒரு தலித் பெண், சபைக்குள் சாதி எப்படி வேலை செய்கிறது, மடத்தின் பள்ளி யாருக்காக நடக்கிறது, ஏழ்மை வார்த்தைப்பாடு எவ்வளவு வசதியானது என்று எழுதிய நூல். என்னைக் கேட்டால், தமிழில் திருச்சபை பற்றி எழுதப்பட்ட முக்கியமான இறையியல் விமர்சனங்களில் ஒன்று. இறையியல் நூலகத்தில் அது எங்கே இருக்கிறது? வாங்கியிருந்தால், தமிழ் இலக்கியத்தில், தன்வரலாறாக. அதாவது மறுபடியும் சாட்சியாக. சபை ஆளுகை பற்றிப் படிக்கும் மாணவர், அந்த அலமாரியின் கடைசித் தட்டுவரை தேடினாலும் பாமாவைச் சந்திக்க மாட்டார். அவர் வருங்காலத்தில் ஆயராவார். தன் சபையில் சாதி இருப்பதாகத் தான் படித்ததில்லை என்பார். அவர் பொய் சொல்லவில்லை. நாம் வைத்த இடத்தில் அது அவர் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு வரும் பதில் எனக்கு மனப்பாடம். எண்கள் உலகம் முழுவதற்கும் பொதுவானவை, நாம் மாற்ற முடியாது. மாறியிருக்கின்றனவே! 396 இன்று இல்லை. பெண்கள் சமூகவியலுக்குள் 305.4-க்குப் போய்விட்டார்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பொருள் தலைப்புகளில் ‘மருத்துவர்களாகப் பெண்கள்’, ‘எழுத்தாளர்களாகப் பெண்கள்’ என்று, ஏதோ வேடம் போட்டதுபோல, தலைப்புகள் இருந்தன. 1971-ல் சான்ஃபோர்டு பெர்மன் என்ற பட்டியலாளர் அந்தத் தலைப்புகளின் சாய்வுகளை வரிசையாக எழுதிப் புத்தகமாகப் போட்டார். 1977-ல் ஜோன் மார்ஷல் என்ற பெண் பாகுபாடற்ற தலைப்புகளுக்கு ஒரு சொற்களஞ்சியமே தயாரித்தார். தலைப்புகள் மாறின. மாற்றியவர்கள் பட்டியல் மேசையில் உட்கார்ந்தவர்கள்தான்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். சீர்காழியில் பிறந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் படித்த எஸ்.ஆர். ரங்கநாதன், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். டூயி முறை இந்திய நூல்களுக்குப் பொருந்தவில்லை என்று கண்டார். பொருந்தவில்லையே என்று கைகட்டி நிற்கவில்லை. லண்டன் கடையொன்றில் பார்த்த மெக்கானோ விளையாட்டுச் சாமானிலிருந்து யோசனை பிடித்து 1933-ல் சொந்தப் பகுப்பு முறையை வெளியிட்டார். நம் மாநாடுகளில் அவர் படத்துக்கு மாலை போடுகிறோம். மாலை போட்ட கையோடு, எண்களைத் தொடக்கூடாது என்கிறோம்.

இன்னொரு பதில் இதைவிட ஆழமானது: இது ஊழியம். ஊழியத்துக்கு வந்தவர்கள் தங்களுக்காகப் பேசக்கூடாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிப்படி கல்லூரி நூலகருக்கும் உதவிப் பேராசிரியருக்கும் தொடக்க ஊதிய நிலை ஒன்றே. கிறித்தவ நிறுவனங்களின் சுயநிதிப் பிரிவுகளில் நூலகராக இருக்கும் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள், அந்த விதி அவர்களுக்கு எப்போதாவது பொருந்தியிருக்கிறதா என்று. சம்பளம் கேட்டால் ஊழியம் என்பார்கள், வாதம் வைத்தால் சாட்சி என்பார்கள். இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஊழியத்துக்குக் கணக்கு கேட்க முடியாது, சாட்சிக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆண்களும் ஊழியத்துக்குத்தானே வந்தார்கள்? ஆனால் முதன்மை நூலகர் பதவி உயர்வை எந்த ஐயாவும் ஊழியத்தின் பெயரால் வேண்டாமென்று சொன்னதாகக் கேள்விப்படவில்லை.

நூலகராக இருக்கும் பெண்களோடு இது முடிந்துவிடவும் இல்லை. காலையில் நமக்கு முன்னால் வந்து தூசி தட்டி, கிழிந்ததை ஒட்டி, மாணவர்கள் கலைத்துப்போட்ட நூல்களைத் திரும்ப அடுக்கும் உதவியாளர் அக்காமார்கள் இருக்கிறார்கள். நான் வேலை பார்த்த இடங்களில் அவர்களில் பெரும்பாலோர் தலித் கிறித்தவப் பெண்கள். எந்த நூல் எந்தத் தட்டில் இருக்கிறது என்பது கணினியைவிட அவர்களுக்குத் தெரியும். அவர்களில் ஒருவரைக்கூட எந்த மாநாட்டிலும் பிரதிநிதியாக நான் பார்த்ததில்லை. நமக்கு மேடை கேட்கும்போது அவர்களுக்கும் சேர்த்துக் கேட்காவிட்டால், நாமும் ஒரு 082-ஐ உருவாக்கி அவர்கள் முதுகில் ஒட்டுகிறோம் என்று பொருள்.

என் கோரிக்கைகள் உருக்கமானவை அல்ல, அலுவலகத்தனமானவை. மாநாட்டுத் தொகுப்புகளில் அனுபவப் பகிர்வு என்ற பகுதியை எடுத்துவிடுங்கள். கட்டுரை தரமாக இருந்தால் ஆய்வுரையாக அச்சிடுங்கள், இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள். ஒவ்வொரு பேச்சுக்கும் கேள்வி நேரம் கட்டாயம் வையுங்கள். பெண் பேசினால் மறுத்துப் பேசுங்கள், அதுதான் நாங்கள் கேட்கும் மரியாதை. பெண்கள் ஐக்கிய சங்கங்களின் கூட்டக் குறிப்புகளையும் வரவு செலவு நோட்டுகளையும் பழைய பேப்பர்காரரிடம் போடாமல், சபை ஆவணங்களாகப் பதிவேட்டில் ஏற்றுங்கள். பெயர் தெரிந்த வேதாகமப் பெண்களுக்குப் பெயர்த் தலைப்பு கொடுங்கள்.

இவற்றுக்குக் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றும்வரை காத்திருக்கவும் வேண்டாம். கணினிப் பட்டியலின் பதிவில் 690 என்று ஒரு புலம் இருக்கிறது. ஒரு நூலகம் தன் வாசகருக்காகத் தானே உருவாக்கும் பொருள் தலைப்புகளுக்காக விடப்பட்ட இடம் அது. அதில் எழுத அமெரிக்காவின் அனுமதி தேவையில்லை, அமர்வுத் தலைவரின் அனுமதியும் தேவையில்லை. பட்டியல் மேசையில் உட்கார்ந்திருக்கும் சகோதரிகளே, கருக்கு நூலின் பதிவைத் திறந்து ‘திருச்சபையும் சாதியும்’ என்று சேருங்கள். ரமாபாய்க்கு ‘வேதாகம மொழிபெயர்ப்பாளர்கள்’. நீலகேசிக்கு ‘பெண்கள், தருக்கம், மத விவாதங்கள்’. ஒரு பதிவுக்கு ஒரு நிமிடம் ஆகும். நாளைக்கு ஒரு மாணவி திருச்சபை என்று தட்டச்சு செய்து தேடும்போது, அகஸ்டினுக்கும் லூத்தருக்கும் பக்கத்தில் பாமாவின் பெயரும் திரையில் வரும். அதைப் பார்த்துவிட்டு அவள் என்ன கேள்வி கேட்பாளோ, அதற்கு நம் கல்லூரிகள் பதில் சொல்லியாக வேண்டும்.